ஃபீவர் வேறு, ஃபேவர் வேறு

ஜனவரி 22, புதன்

இன்று என் மகள் சுபாஷினிக்கு வளைகாப்பு. வந்திருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருத்தரும், நான் அந்த நேரத்தில் அங்கே இல்லை, கை கழுவப் போயிருந்தேன் என்று சொல்லக் கூடாது.

சுபா. மாப்பிள்ளை ராஜபிரபு. மாப்பிள்ளையின் அம்மா தமயந்தி டீச்சர், ராஜபாளையத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்து ரிட்டையர் ஆனவர். டீச்சரின் தங்கை பத்மாவதி, மாம்பழக் கலர் பட்டு. ஓசூரிலிருந்து என் மகன் குமரவேல், மருமகள் ரேணுகா, பேரன்கள் இரண்டு பேர். என் சின்ன நாத்தனார் ராசாத்தி. எதிர்வீட்டு மெர்சி. பலசரக்குக் கடை அங்கயற்கண்ணி. வீட்டுக்காரர். நான்.

என்னைத் தவிர இவர்களில் சிரிக்காதவர்கள் பேரன்கள் மட்டும்தான். அவர்கள் மொட்டை மாடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சுபாவும் மாப்பிள்ளையும் இருப்பது அயர்லாந்தில், டப்ளின் என்ற ஊர். ஏழாம் மாதம் விமானத்தில் வந்து போவது கஷ்டம் என்று ஐந்தாம் மாதமே வந்து வளையல் போட்டுக்கொண்டாள். ஜூன் மாதம் பேறுகாலம், அங்கேதான். வளையல் எல்லாம் போட்டு முடித்து, கலவைச் சாதம் பரிமாறும்போது அங்கயற்கண்ணி கேட்டாள். "பேறுகாலத்துக்கு யாரு போறீக?"

"நான்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டோடதுல்ல" என்றேன்.

"இவளா? ஏர்போர்ட்ல பாத்ரூம் எங்க இருக்குன்னு கேக்கத் தெரியுமா இவளுக்கு?" என்றார் வீட்டுக்காரர். வேடிக்கைக்குத்தான் சொன்னார். "டீச்சர் வேணா ரெண்டு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமே."

தமயந்தி டீச்சர் இலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "மதினி, ஃபீவர்னா என்ன?"

"காய்ச்சல்."

"ஃபேவர்னா?"

"அதுவும் காய்ச்சல்தான். கொஞ்சம் கூடுதலா அடிச்சா."

பத்மாவதிக்குச் சாதம் புரையேறிவிட்டது. ராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது இன்னும் மோசம். மெர்சி என் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் தோள் குலுங்கியது. என் மகளும் சிரித்தாள். சந்தனம் பூசிய கன்னம், அழகாகத்தான் இருந்தாள்.

"ஃபேவர்னா உதவி மதினி" என்றார் டீச்சர். "ஆஸ்பத்திரியில அவசரத்துக்கு நர்ஸ் வந்து ஏதாவது கேட்டா என்ன செய்வீக?"

அதற்குள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். டீச்சரே போகட்டும். வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு இந்த வயசுல அலைச்சல்?" என்று எனக்காகப் பரிந்து பேசிவிட்டு இன்னொரு அப்பளம் கேட்டார். கொண்டுபோய் வைத்தேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆனால் எழுதுவேன். உரக்கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 23, வியாழன்

தமயந்தி டீச்சர் எனக்குப் போட்டுவிட்ட கண்ணாடி வளையல்களைக் கழற்றி மெர்சியிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் பொருந்தவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

சுபாவை மதுரை ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்டு வந்தோம். உள்ளே போகும் முன் கட்டிப்பிடித்து அழுதாள்.

"அம்மாதான் வரணும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?" என்று கேட்டேன்.

"அப்பா சொல்றதும் சரிதானம்மா."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணுமில்லம்மா. பத்திரமா இரு."

டீச்சர் இந்தப் பிள்ளை மனதில் என்னென்ன ஏற்றிவிட்டாரோ தெரியவில்லை. திரும்பி வரும்போது காரில் வீட்டுக்காரர் நல்ல உற்சாகம். திருமங்கலத்தில் நிறுத்தி பரோட்டா சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

சேர்ந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் பள்ளி, அதற்கு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம். நடத்துகிறவள் ஷெர்லின் மிஸ், மார்த்தாண்டத்துக்காரி, வாக்கப்பட்டு இங்கே வந்தவள். வகுப்பில் இருப்பவர்கள் எல்லாம் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்கள். என்னைப் பார்த்ததும் யாரோ ஒருத்தியைக் கூட்டிப் போக வந்த அம்மா என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டார்கள்.

"எதுக்காகச் சேரணும்மா?" என்று மிஸ் கேட்டாள்.

"சிரிச்சவங்க வாயை மூட."

"அது சிலபஸ்ல இல்லையேம்மா."

"நீங்க இருக்கிறதை நடத்துங்க. அதை நான் சேத்துக்கிறேன்."

பெண்கள் சிரித்தார்கள். இவர்கள் பெயர்கள் இன்னும் தெரியாது. தெரிந்ததும் எழுதுகிறேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் முதலில் ஒரே மாதிரி கேட்கிற வார்த்தைகளைத்தான் சொல்லித்தர வேண்டும் என்றேன். மிஸ் பலகையில் ஷிப், ஷீப் என்று தமிழிலேயே எழுதிக் காட்டினாள். ஷிப் என்றால் கப்பல், ஷீப் என்றால் ஆடு. "மனசுல நிக்கணும்னா தெரிஞ்ச முகத்தோட சேத்து வச்சுக்கோங்கம்மா" என்றாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தெரிந்த முகங்களை யோசித்துப் பார்த்தேன். எனக்கு அழியாமல் ஞாபகம் இருக்கிற முகங்கள் எல்லாம் எனக்குக் கெடுதல் செய்தவர்களுடையவைதான்.

அதனால் என்ன? 1988இல் குலசாமி கோயில் மாசிக் களரித் திருவிழாவில் கிடா வெட்டியபோது, என் கொழுந்தன் ஈரலை வாழையிலையில் சுற்றி ஒளித்து வைத்துக்கொண்டு, "ஈரலே இல்ல மதினி" என்றான். ஆடு, ஈரல், ஈ என்று நீட்ட வேண்டும். ஷீப். இனி மறக்காது.

பிப்ரவரி 6, வியாழன்

ஃபேவர், ஃபீவர். இதை நானே கேட்டு வாங்கினேன்.

ஃபேவர் உதவி. ராசாத்தி. தீபாவளிக்கு நான் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டை, "ஒரே ஒரு நாள் குடுங்க மதினி" என்று வாங்கிப் போட்டுக் கக்கத்தில் கிழித்துக் கொண்டு வந்தாள். ஏமாற்றுக்காரி, ஏ. ஃபேவர்.

ஃபீவர் காய்ச்சல். அதே தீபாவளிக்கு எனக்கு அனலாகக் காய்ந்தது. நெற்றியில் ஈரத்துணி போட ஆள் இல்லாமல் கிடந்தேன். ஈரத்துணி, ஈ. ஃபீவர். வீட்டுக்காரர் அன்று அவர் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். பாவம், பண்டிகை நாளில் அவர் மட்டும் எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும்?

பிப்ரவரி 13, வியாழன்

வகுப்பிலிருந்து வந்தால் வீட்டில் விளக்குக்கூடப் போடவில்லை. வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பசிக்குது" என்றார்.

"இட்லி ஹாட் பாக்ஸ்ல இருக்குன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சட்னி?"

"பக்கத்துலயே இருக்கு."

"மூடி வச்சிருந்தா எனக்கு என்ன தெரியும்?"

மில்லில் டைம் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவர். ஆயிரம் பேர் வருவதும் போவதும் அவருக்குத் தெரியும். மூடிக்குள் இருப்பது தெரியாது.

இன்று படித்தது: ஹங்கிரி என்றால் பசி, ஆங்க்ரி என்றால் கோபம். மிஸ் இதற்கு வெகுநேரம் செலவழித்தாள். எங்கள் வீட்டில் இரண்டையும் பிரிக்கத் தேவையே இல்லை. முதலாவது வந்தால் வாசலிலேயே இரண்டாவதும் நிற்கும்.

பிப்ரவரி 20, வியாழன்

வீக் என்றால் வாரம். வீக் என்றால் பலவீனம். காதுக்கும் ஒன்று, தமிழில் எழுதினாலும் ஒன்று. இதை என்ன செய்வது என்று கேட்டேன். "முன்னாடி பின்னாடி வர்ற பேச்சைப் பாக்கணும்மா" என்றாள் மிஸ். அது சரி. என் மாமியாரும் எல்லோரையும் ஒரே குரலில்தான் "வாத்தா" என்று கூப்பிடுவார். யாரை வரவேற்கிறார், யாரை வேலைக்கு அழைக்கிறார் என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

பேஷண்ட் என்றால் நோயாளி. பொறுமையாக இருக்கிறவருக்கும் அதே பேஷண்ட். ரொம்பப் பொறுத்துப்போனால் கடைசியில் கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஃபர்கெட் மறப்பது, ஃபர்கிவ் மன்னிப்பது. இரண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறதே, எப்படிப் பிரிப்பது என்று அந்தோணியம்மாள் கேட்டாள். (நர்ஸ் பெண்களில் ஒருத்தி. முதல் நாள் சிரித்தாள். பிறகு பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்தாள். சரிக்குச் சரி.) மிஸ் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க ரெண்டையும் வச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டும் எனக்கு வராது மிஸ். அடுத்ததைச் சொல்லுங்க."

மார்ச் 4, செவ்வாய்

இன்று லேபர், நெய்பர். நெய்பர் பக்கத்து வீட்டுக்காரர். லேபர் என்றால் வேலை. பிரசவ வலிக்கும் லேபர் என்றுதான் பெயராம். அந்தப் பெண்கள் எல்லாம் ஏற்கனவே படித்ததுதான், கடகடவென்று சொன்னார்கள். நான் எழுதிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன்.

சுபா பிறந்தது இங்கே பெரியாஸ்பத்திரியில். மாமியார்தான் கூட இருந்தார். எங்கள் அம்மா சாயல்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். தூக்குச் சட்டியில் பூண்டுக் குழம்பு, மடியில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயப்பொடி. வாசலிலேயே மாமியார், "இங்க ஆள் இருக்கு, நீங்க எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் நின்றாளாம். பிறகு சட்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். எனக்குக் குழம்பு வந்தது, அம்மா வரவில்லை. உள்ளே நான் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தேன். எல்லோரும் வலியில் கத்துகிறேன் என்று நினைத்தார்கள்.

மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று வாசலில் இன்னொருவரும் நின்றிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. அது அவர் சுபாவம்.

சுபா கத்தும்போது நான் அறைக்குள் இருப்பேன். இங்கிலீஷ் படிப்பது அதற்குத்தான்.

மார்ச் 9, ஞாயிறு

சுபாவும் மாப்பிள்ளையும் வீடியோவில் வந்தார்கள். நான் முகம் கழுவி, சேலை மாற்றி, நேராக உட்கார்ந்துகொண்டேன்.

"ஹலோ மாப்பிள்ளை. ஹவ் இஸ் மை டாட்டர்? இஸ் ஷி வீக்? ஹவ் மெனி வீக்ஸ்?"

மாப்பிள்ளைக்கு வாயில் இருந்த டீ வெளியே வந்துவிட்டது. "அத்தை! எப்படித்தை?"

"யூ ஆஸ்க். ஐ ஆன்ஸர்."

ஒவ்வொன்றாகக் கேட்டார். ஃபீவர், ஃபேவர். சோப், சூப். ஹங்கிரி, ஆங்க்ரி. பேஷண்ட்டுக்கு இரண்டு அர்த்தமும் சொன்னேன். சுபா போனை மாப்பிள்ளை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "அம்மா, நீயே வாம்மா" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அத்தைகிட்ட நாங்க சொல்லிக்கிறோம். நீ வா."

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். "பலே" என்றார். பிறகு எழுந்து மாடிக்குப் போய்விட்டார். அங்கேதான் போன் சிக்னல் நன்றாக இருக்கும் என்பார்.

அப்பளம் பொரித்தேன். பாயசம் வைத்தேன். எனக்காக வைத்தது.

மார்ச் 11, செவ்வாய்

சுபா போன் செய்தாள். குரலே சரியில்லை.

"அம்மா, அப்பாவுக்கு நெஞ்சு படபடன்னு வருதாமே? தனியா விட்டுட்டு எப்படிம்மா நீ வர முடியும்? அத்தையே வரட்டும்."

படபடப்பா? நேற்று ஆட்டுக்கால் பாயாவை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். தெருமுனை வரை வேகமாக நடந்துபோய்க் கேபிள்காரனோடு சண்டை போட்டு வந்தார். இந்தப் புரளியை அங்கே கிளப்பிவிட்டது யார்? ராஜபாளையம்தான். வேறு யாருக்கு இதில் ஆதாயம்?

வீட்டுக்காரரிடமே கேட்டேன். "நெஞ்சு படபடப்பா உங்களுக்கு?"

"எப்பவாவது" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்ச் 20, வியாழன்

கஸ்டம் என்றால் வழக்கம். கஸ்டம்ஸ் என்றால் ஏர்போர்ட்டில் ஊறுகாய் டப்பாவைப் பிரித்து மோந்து பார்க்கிறவர்கள்.

தலைப்பிரசவத்துக்குத் தாய் போவது கஸ்டம். அதைப் பிரித்துப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை. மிஸ்ஸிடம் இதை வாக்கியமாகச் சொன்னேன். பலகையில் எழுதிப் போட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று வகுப்புக்குப் போகவில்லை. ராஜபாளையம் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. போகும் வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று அடுக்கி வைத்துக்கொண்டே போனேன். இங்கிலீஷிலும் இரண்டு வாக்கியம் வைத்திருந்தேன்.

தமயந்தி டீச்சர்தான் கதவைத் திறந்தார். முழங்காலில் தைலம் தேய்த்துத் துணி சுற்றியிருந்தது. "வாங்க மதினி! தனியாவா வந்தீக? அண்ணன் வரலையா?"

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கவில்லை. கை வாங்காத தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டீச்சர் செம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நான் குடிக்க வரல டீச்சர். கேக்க வந்தேன். என் மக பேறுகாலத்தை நீங்க எதுக்குப் பறிக்கிறீக?"

"நான் பறிக்கிறேனா?" செம்பை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "என் முட்டியைப் பாருங்க. ஒரு படி ஏற முடியல. அந்தக் குளிர்ல நான் போய் என்ன செய்யப் போறேன்? சத்தியமாச் சொல்றேன், எனக்குப் பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டக்கூடத் தெரியாது. ராஜபிரபுவைக் குளிப்பாட்டி வளத்ததெல்லாம் எங்க அம்மா. நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப ஏன் போறேன்னு தலையாட்டினீக?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணன் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"என்ன சொல்லணும்?"

"பொங்கல் முடிஞ்சதும் போன் பண்ணினாக. 'அவ போனா ஆறு மாசம் நான் எப்படி இருப்பேன் டீச்சர், எனக்கு அடுப்புப் பத்தவைக்கத் தெரியாது. நான் போகாதன்னு சொன்னா கேக்க மாட்டா. சபையில வச்சு ஏதாவது இங்கிலீஷ்ல கேளுங்க, அவளுக்கே கூசிப்போய் அடங்கிருவா'ன்னாக. சம்பந்தி கேக்கும்போது மாட்டேன்னு எப்படிச் சொல்ல? போன மாசமும் ரெண்டு தடவை போன். நெஞ்சு வலிக்குதுன்னு புள்ளைககிட்டயும் சொல்லியிருக்காக."

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்காரவில்லை.

"ஃபீவர், ஃபேவர். அது நீங்க யோசிச்சதுதானே?"

"இல்ல மதினி." டீச்சர் தரையைப் பார்த்தார். "அதையும் அண்ணன்தான் எடுத்துக் குடுத்தாக. 'இந்த ரெண்டையும் கேளுங்க, கண்டிப்பா மாத்திச் சொல்லுவா. மில் டாக்டர்ட்ட போனப்ப ஒரு தடவை மாத்திப் புரிஞ்சிருக்கா'ன்னு."

மில் டாக்டர். ஆமாம். குமரவேல் கைக்குழந்தை. எனக்குக் காய்ச்சல். டாக்டர் யாரிடமோ போனில் ஃபேவர் ஃபேவர் என்று பேசிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் காய்ச்சல் முற்றிவிட்டதென்று சொல்கிறார் என நினைத்து நான் அழுதுவிட்டேன். வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னதும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். அழுகை நின்று நானும் சிரித்தேன். அர்த்தத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் ரொம்ப நாள் எங்களுக்குள் அது ஓடியது. தலைவலி என்றால், "ஃபீவரா ஃபேவராடி?" என்று கேட்பார். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் இருந்த சிரிப்பு அது. அதை எடுத்துக்கொண்டு வந்து இங்கே கொடுத்திருக்கிறார், சபையில் போட்டு உடைக்கச் சொல்லி.

"கேட்டது நான்தான்" என்றார் டீச்சர். "அவுக சொன்னாகன்னு நான் கேட்டிருக்கக் கூடாது. அத்தனை பேர் சிரிப்பாகன்னு நினைக்கல. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. தப்புத்தான் மதினி. ராஜபிரபுட்ட நான் பேசவா?"

"வேண்டாம். நானே பேசிக்கிறேன்."

மேஜையிலிருந்து செம்பை எடுத்துத் தண்ணீரைக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். டீச்சர் அழுதார்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் காப்பி போடவில்லை. வீட்டுக்காரர் அடுப்படி வாசல் வரை வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுபடியும் வந்தார்.

"ராஜபாளையம் போயிட்டு வந்தேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆமா, சொன்னேன். என்ன இப்போ? போகாதன்னு நான் சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். தனியா இருக்க பயமா இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"உங்களையும் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார். பிறகு, "இப்ப வரட்டுமா?" என்றார்.

"இப்ப வேண்டாம்."

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்தும் விடியாத நேரமாம். இருக்கட்டும். "மாப்பிள்ளை, ஐ ஆம் கமிங். திஸ் இஸ் நாட் எ ஃபேவர். திஸ் இஸ் கஸ்டம். விசாவுக்கு என்ன வேணுமோ பாருங்க." அவர் மறுபேச்சுப் பேசவில்லை. டீச்சர் நான் வேண்டாம் என்றும் கேட்காமல் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். பேசட்டும். அது ஃபேவர்.

ஏப்ரல் 17, வியாழன்

வீட்டுக்காரர் சோறு வடித்தார். குழைந்துவிட்டது. கையில் கஞ்சி கொட்டி, ஊதிக்கொண்டே எனக்குக் காட்டினார். மருந்து இருக்கும் இடத்தைச் சொன்னேன்.

மே 8, வியாழன்

விசா வந்துவிட்டது. வகுப்பில் சொன்னேன். அந்தோணியம்மாளும் மற்றப் பெண்களும் கை தட்டினார்கள். ஷெர்லின் மிஸ் மிட்வைஃப் என்றால் மருத்துவச்சி என்று கடைசியாகச் சொல்லித்தந்தாள். நான் இரண்டாந்தாரம் என்று நினைத்திருந்தேன். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

போன வாரம் எதிர்வீட்டு மெர்சி வந்து, "அண்ணன் பாவம்க்கா, மெலிஞ்சு போயிட்டாக. மன்னிச்சு விட்டுருங்க" என்றாள். வளைகாப்பு அன்று முதுகைத் தட்டிக்கொண்டு சிரித்தவள் இவள்தான். "உனக்கு அவ்வளவு பாவமா இருந்தா ரசம் வச்சுக் கொண்டுபோய்க் குடு" என்றேன். அதன் பிறகு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

மே 29, வியாழன்

டப்ளின். கஸ்டம்ஸில் காயப்பொடியை மோந்து பார்த்தார்கள். "ஃபார் மதர். ஆஃப்டர் லேபர்" என்றேன். போகச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

பெண் குழந்தை. வியர்க்க விறுவிறுக்க எழுதுகிறேன், குளிர் ஊரில்.

நேற்றுச் சாயங்காலம் வலி கண்டது. மாப்பிள்ளை கார் ஓட்டினார். மிட்வைஃப் நல்ல உயரமான பெண், நோரா என்று பெயர். உள்ளே ஒருத்தர் போதுமா, இரண்டு பேர் வேண்டுமா என்று கேட்டாள். அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஷெர்லின் மிஸ்ஸின் இங்கிலீஷ் வேறு, இவள் இங்கிலீஷ் வேறு. கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "ஐ ஆம் மதர். ஐ வில் ஸ்டே."

சுபா அம்மா அம்மா என்று கத்தினாள். "இந்தா இருக்கேன்" என்றேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது.

பிள்ளை கையில் வந்ததும் நோரா ஏதோ கேட்டாள். சுபா பேச முடியாமல் கிடந்தாள். "ஷி இஸ் வீக். ஷி இஸ் ஹங்கிரி. நாட் ஆங்க்ரி" என்றேன். ரொட்டியும் டீயும் வந்தது.

பிறகு வீடியோவில் ஊருக்குக் காட்டினோம். தமயந்தி டீச்சர் பிள்ளையைப் பார்த்து அழுதுவிட்டு, "தலையை நல்லாப் பிடிச்சுக்கோங்க மதினி" என்றார். பிள்ளை தூக்கத் தெரியாதவர் எனக்குச் சொல்கிறார். சரி என்றேன். அவர் கணக்கு தீர்ந்தது. குமரவேல், ரேணுகா, மெர்சி, அங்கயற்கண்ணி, மாப்பிள்ளை, என் மகள், இவர்கள் சிரித்ததையும் இன்றோடு விட்டுவிட்டேன். பத்மாவதியையும் போனால் போகிறது என்று விடுகிறேன். ராசாத்தி ஜாக்கெட் தனி விஷயம், அது இதில் வராது.

வீட்டுக்காரர் கடைசியாக வந்தார். பின்னால் அடுப்படி தெரிந்தது. பிள்ளையைக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றார். "உன்னைய மாதிரியே மூக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "எப்ப வர்ற?" என்று கேட்டார்.

போனைச் சுபாவிடம் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை, "மாமாவை மன்னிச்சிருங்கத்தை, அவருக்கும் வயசாச்சு" என்கிறார். சுபாவும் சொல்கிறாள். டீச்சரும் சொன்னார். பசிக்காக என்னைப் போகாதே என்று மறித்திருந்தால் மன்னித்திருப்பேன். சண்டை போட்டிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். எங்கள் இரண்டு பேர் சிரிப்பை எடுத்து, ஒன்பது பேர் சிரிக்கக் கொடுத்தார்.

புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று எங்கள் அம்மா சொல்லித்தான் கட்டிக்கொடுத்தாள். நானும் சொன்னதில்லை, எழுதியதில்லை. சொந்தக்காரர்களோடு ஆடித் தவசுக்குப் போகும்போதுகூட ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அதில் பாதி அவர் பெயர் இருப்பதால். தவசு நடக்கிற ஊர் என்றுதான் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பேன். பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பார்கள். குறைய வேண்டாம். அவரே உலை வைத்து, அவரே வடித்து, அவரே சாப்பிட்டு, அவரே கழுவிக் கவிழ்த்து, நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் நான் மன்னிக்காத ஆளின் பெயர் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் தெரிய வேண்டும். வீட்டுக்காரர் என்று எழுதினால் ஊரில் எத்தனையோ வீட்டுக்காரர்.

சங்கரலிங்கம்.